பதினைந்தாம் நாள் வந்த கடிதம்

எங்கள் தமிழ் மன்றத்தின் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், பதினான்காம் பிரிவு இப்படிச் சொல்கிறது: "உறுப்பினர் ஒருவரை நீக்குவதற்கு முன் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்துப் பதினான்கு நாட்களுக்குள் அவர் தரும் பதிலைச் செயற்குழு முழுமையாக வாசித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்." நல்ல பிரிவு. எழுதியவன் நான். அடுத்த பிரிவையும் நான்தான் எழுதினேன்: "நீக்கப்பட்டவர் பெயரில் மண்டபத்தில் எந்த நிகழ்வும் நடைபெறாது." அதைப் படித்துவிட்டு, ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது என்று தலைவர் பாராட்டினார். அந்தப் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடமும் சொன்னேன்.

இது ஒரு வெற்றியைப் பற்றிய குறிப்பு. தோற்றவன் நான் என்பதால் வெற்றியின் அளவு குறைந்துவிடாது.

நியூ சவுத் வேல்ஸ் அரசுத் திணைக்களம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். மற்றவர்கள் தங்கள் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற்றபின் அந்தப் பழக்கத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. மன்றத்துக்குச் செயலாளர் ஆனேன். மண்டபம் செவன் ஹில்ஸில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு கம்பளம் விற்ற கிடங்கு. அதை மண்டபமாக மாற்றியபோது கதவுகளையும் குசினி அலுமாரிகளையும் குழாய்களையும் பொருத்தியவர் ஒரே ஆள். அவரை ஃபிட்டர் என்றே எல்லோரும் சொல்வோம். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு அதுதான் வேலை. கலியாணம் செய்யாதவர். கணவனை இழந்த தங்கையோடு மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வாழ்ந்தார்.

தகராறு வெள்ளிக்கிழமையைப் பற்றியது. வெள்ளி பிற்பகலில் முதியவர்கள் மண்டபத்தில் கூடித் தேநீர் குடித்துச் சீட்டு விளையாடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்து சேர்க்கும் செலெக்ட்டிவ் பாடசாலைகளின் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதே நேரம்தான் வேண்டியிருந்தது. நல்ல ஆசிரியர் ஒருவர் வெள்ளியில் மட்டுமே வருவார். செயற்குழு முதியவர்களைச் செவ்வாய்க்கு மாற்றியது. செவ்வாயில் அவர்களை ஏற்றி இறக்கக் காரும் இல்லை, ஆளும் இல்லை. இதை ஃபிட்டர் இரண்டு தடவை கூட்டத்தில் சொன்னார். மூன்றாவது தடவை பேசவில்லை. மண்டபத்தின் பூட்டை மாற்றிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மழை. பிள்ளைகள் பைகளோடு வெளியே நின்றார்கள். ஃபிட்டர் வாசல் தாழ்வாரத்தில் ஒரு கதிரையைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நனைந்தவர்களில் தலைவரின் மகளும் ஒருத்தி. பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது.

அதன்பின் நடந்த பொதுக்கூட்டத்தில், விளக்கம் தருமாறு அவரை எழுத்தில் கேட்டிருப்பதாக நான் வாசித்தேன். அவர் எழுந்து சபையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செக்ரட்டரி ஐயாவுக்கு ஆளைத் தெரியாது, ஃபோர்மைத்தான் தெரியும். நான் நாளைக்குச் செத்தாலும், செத்தவர் கையெழுத்து வைக்கேல்லை எண்டு திருப்பி அனுப்புவார்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் மனைவி கூடச் சிரித்தாள்; அதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதை உள்ளே கோப்பிட்டேன்.

நீக்க அறிவித்தலை ஒரு திங்கட்கிழமை நானே அவர் கையில் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, இன்னொரு திங்கட்கிழமை மாலை, நார்த்மீட்டில் என் வீட்டுத் தபால் பெட்டியில் ஓர் உறை கிடந்தது. ஒட்டிய உறை. மேலே அவருடைய சாய்ந்த கையெழுத்து. நான் அதைப் பிரிக்கவில்லை. உறையின் மேல், "பெறப்பட்டது பதினைந்தாம் நாள். காலங்கடந்தது" என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். பதில் வரவில்லை என்று செயற்குழுவுக்கு அறிவித்தேன். ஃபிட்டர் நீக்கப்பட்டார்.

அவர் அதற்குப்பின் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. வேலை நேரம் போகத் தன் வீட்டுக் கராஜிலேயே இருந்தார். சைக்கிள், தையல் இயந்திரம், யாராவது கொண்டுவரும் மிக்ஸி எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தார். மண்டபத்துக் குசினிக் குழாய் ஒழுகத் தொடங்கியது. மூன்று பிளம்பர்கள் வந்தார்கள். மூவரும் வாஷரை மாற்றினார்கள். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் கிரேக்கர்களைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் ஒரு பாடம். எங்கள் பாடசாலையில் அதை எடுத்தவர்கள் நான்கு பேர். மற்ற மூவரும் வேறு பாடத்தில் இடம் கிடைக்காதவர்கள். நான் விரும்பி எடுத்தேன். அவர்களுடைய பழைய போர்க் காவியம் ஒன்றில் படையின் முதல் வீரன், தலைவன் தன்னை எல்லோர் முன்னாலும் அவமதித்துவிட்டான் என்று கூடாரத்துக்குள் போய் இருந்துவிடுவான். சண்டைக்கு வரமாட்டான். தன் பக்கத்தவர்கள் செத்து விழுவார்கள், அவன் இருப்பான். பதினெட்டு வயதில் அவனை ஒரு பெரிய பிள்ளைத்தனம் பிடித்தவன் என்று நினைத்தேன். ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி வைக்கும் வயதில் வேறு மாதிரித் தெரிந்தது. அவன் இல்லாதபோதுதான் மற்றவர்கள் எதையெல்லாம் செய்யத் தெரியாதவர்கள் என்பது வெளியே வருகிறது.

நான்கு வருடம் இப்படிப் போனது. நானும் செயலாளர் பதவியை விட்டேன். பழைய கோப்புகள் என் கராஜிலேயே இருந்தன. அவற்றை யாரிடம், எப்படி ஒப்படைப்பது என்று நான் விதி எழுதியிருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபிட்டர் இறந்துபோனார். கராஜில், கையில் ஸ்பானரோடு.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவருடைய தங்கை என் வீட்டுக்கு வந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். நேராகப் பேசுவார். என் மனைவி கொடுத்த தேநீரைத் தொடாமல் தொடங்கினார்.

"அண்ணை, முப்பத்தொண்டை மண்டபத்திலதான் செய்யவேணும். அவர் கட்டின குசினி. அதில சமைச்சு அவருக்குப் படைக்கவேணும்."

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால் முப்பத்தோராம் நாளை மண்டபத்தில் செய்வோம். படத்தை விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, செயலாளர் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார். செயற்குழு பந்தி பரிமாறும். அது உறுப்பினருக்கு மட்டும்.

எனக்கு வழி தெரிந்திருந்தது. எனக்கு எப்போதும் ஒரு வழி தெரியும்.

"தங்கச்சி, மண்டபத்தை ஆரும் வாடகைக்கு எடுக்கலாம். உங்கட பேரில எடுங்கோ. குடும்ப மதிய உணவு எண்டு ஃபோர்மில போட்டால் காணும். ஒருத்தரும் கேக்காயினம்."

"படம் வைக்கலாமோ?"

"படம் வைக்காட்டி நல்லது."

"பேர் வாசிப்பினமோ?"

"அது... பிறகு வீட்டில வாசிக்கலாம்."

"படமும் இல்லை, பேரும் இல்லை. அப்ப அது ஆருடைய முப்பத்தொண்டு, அண்ணை?"

குசினிக்குள்ளிருந்து என் மனைவி, "நல்ல கேள்வி" என்றாள்.

"ஒளிச்சுச் செய்யிற வேலை எனக்கு வேண்டாம்," என்றார் தங்கை. "அவர் பூட்டை மாத்தினதும் ஒளிச்சு மாத்தேல்லை. கதிரையைப் போட்டு வாசலில இருந்தவர். நான் தலைவருக்கு எழுதிக் கேக்கப்போறன்." பிறகு விரலை மடித்து எண்ணினார். "வெள்ளி ஒண்டு. சனி ரெண்டு. நேற்று எட்டு. முப்பத்தொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில வருது. எல்லாருக்கும் வசதி."

நான் அவருடைய முதல் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி ஒண்டு. இறந்த நாளையே ஒன்று என்று எண்ணுவதுதான் எங்கள் வழக்கம். எட்டும் முப்பத்தொன்றும் அப்படித்தான் வரும். ஆனால் அறிவித்தலுக்கு நாள் எண்ணும்போது அது கையில் கிடைத்த நாளைச் சேர்ப்பதில்லை, மறுநாள்தான் ஒன்று. இதை நான் திணைக்களத்தில் எத்தனை பேருக்குப் படிப்பித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. திங்கள் கொடுத்த அறிவித்தலுக்கு இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள் பதினான்காம் நாள். செத்தவீட்டு எண்ணிக்கையில்தான் அது பதினைந்து.

தெரியாமல் எண்ணினேன் என்று எழுதினால் இந்தக் குறிப்பு சுருக்கமாக முடிந்துவிடும். தெரிந்துதான் எண்ணினேன். மண்டபத்தின் சிரிப்பு காதில் இருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதிரியும் எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பிடித்த தொகை வந்த கணக்கை எடுத்தேன்.

தங்கை போனபின் மனைவி கேட்டாள், "ஏன் முகம் இப்பிடி இருக்கு?"

"ஒண்டுமில்லை. கிரேக்கரைப் பற்றி யோசிச்சனான்."

"அவையள் செத்து எவ்வளவு காலம். இப்ப செத்தவரைப் பற்றி யோசியுங்கோ."

தலைவரின் பதில், ஃபிட்டர் இறந்து பன்னிரண்டாம் நாள், தங்கைக்கு மின்னஞ்சலில் வந்தது. மரியாதையான பதில். ஆழ்ந்த அனுதாபம், பின் நான் எழுதிய பிரிவு, அதன் இலக்கத்தோடு. மறுக்கும் இடத்தில் என் வசனமே நின்றது. அதில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாதுதான்.

மறுநாள் புதன்கிழமை. புதன் காலைகளில் நூலகத்தில் ஓய்வு பெற்றவர்கள் சிலர் கூடிப் புத்தகம் வாசிப்போம். இந்த வருடம் கிரேக்கக் காவியமும் துன்பியல் நாடகங்களும். அன்றைக்கு எடுத்த நாடகத்தை நானே முன்மொழிந்திருந்தேன், ஃபிட்டர் இறப்பதற்கு முதலே. தன் நகரத்தின்மேல் படையெடுத்து வந்து செத்தவனைப் புதைக்கக்கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான். செத்தவனின் தங்கை பகலில், காவலர் பார்க்க, மண்ணை அள்ளிப் போடுகிறாள். ஒளிப்பதற்கு அவளுக்கு வழி இருந்தது. அவள் எடுக்கவில்லை. அரசன் அவளை உயிரோடு குகைக்குள் அடைக்கிறான்.

அரசனை வில்லன் என்று சொல்வது சுலபம். அவன் வில்லன் அல்ல. போர் முடிந்த மறுநாள் நகரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்க்கும் மனிதன். ஆணையை ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு இன்னொருவர் வருவார் என்கிறான், அது பொய்யல்ல. அவளும் பிழையல்ல. இரண்டு சரிகள் ஒரே வாசலில் முட்டி நிற்கின்றன. இதைத்தான் அந்தக் கிரேக்கர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஆளின் குணம் எது என்பது அவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பதில் தெரிவதில்லை. தன் பக்கம் பிழை என்று தெரிந்த பிறகு என்ன செய்கிறான் என்பதில் தெரிகிறது.

வட்டத்தில் ஒரு கிரேக்கப் பெண்மணி இருக்கிறார். இங்கே வந்து வாழ்நாள் முழுக்கத் தையல் கடை நடத்தியவர். நான் அரசனுக்காக வாதாடியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன் மனம் மாறுகிறானே, அதைப் பாருங்கள். மனம் மாறியபின் என்ன செய்கிறான்? முதலில் செத்தவனைப் புதைக்கப் போகிறான். அதற்குப் பிறகுதான் குகைக்குப் போகிறான். அதற்குள் அந்தப் பெண் செத்துவிட்டாள். உயிரோடு இருப்பவளிடம் முதலில் போயிருக்க வேண்டும். வரிசை பிழை."

வரிசை பிழை. இருபத்தெட்டு வருடம் வரிசை எழுதிச் சம்பளம் வாங்கியவனுக்கு ஒரு தையல்காரி சொல்ல வேண்டியிருந்தது. நான் அன்றைக்குத் தலைவரிடம் போவதாக இருந்தேன். கோப்பைச் சரிசெய்து, காகிதத்தில் நியாயத்தை நிறுவிவிட்டு, பிறகு தங்கைக்கு நல்ல செய்தி சொல்லலாம் என்று. என் பெயர் அதிகம் கெடாத வரிசை அது.

வீட்டுக்கு வந்து கராஜில் பெட்டிகளை இறக்கினேன். உறை இருந்தது. பிரிக்காமலே எடுத்து வைத்தேன். மறுநாள் செவன் ஹில்ஸுக்குப் போனேன். அவர் இறந்து அன்று பதினான்காம் நாள், எங்கள் கணக்கில்.

தங்கையிடம் உறையைக் கொடுத்து, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். திங்களையும் திங்களையும் சொன்னேன். சிரிப்பையும் சொன்னேன்.

"நீங்கள் இதைத் திறக்கவே இல்லையோ?"

"இல்லை. காலங்கடந்த கடிதத்தை வாசிக்கக்கூடாது எண்டும் நான்தான் எழுதினனான்."

"நாலு வரியம் உங்கட கராஜில. அண்ணை, அவர் பதிலை எதிர்பாத்துக்கொண்டு இருந்தவர். தபால்காரன்ர மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பாப்பார். எனக்குச் சொல்லேல்லை, ஆனா பாத்தனான்."

தங்கை குசினிக் கத்தியால் உறையை அறுத்து வாசித்தார். ஒரு பக்கம்தான். வாசித்து முடித்து ஒரு தடவை சிரித்தார், கண்ணைத் துடைத்தார், கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"கொண்டுபோங்கோ. எல்லாருக்கும் முன்னால வாசியுங்கோ. ஒரு சொல்லும் விடாமல். அவர் உங்களைப் பற்றி எழுதினதையும்."

சனிக்கிழமை தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்; கணினித் துறையில் பெரிய வேலை. வாசலிலேயே நான் வந்த காரணத்தை ஊகித்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் எழுதின யாப்பைத்தான் நான் அனுப்பினனான்."

"ஓம் தம்பி. அதிலதான் பிழை. அவரை நீக்கினதே செல்லாது. பதில் நேரத்துக்கு வந்தது."

எண்ணிக்கையை விளக்கினேன். அவர் கெட்டிக்காரர், பாதியில் விளங்கிவிட்டது.

"இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு ஆரும் வந்து பூட்டு மாத்துவினம். பிறகு நாள் எண்ணினது பிழை எண்டு வருவினம். மண்டபம் நடத்த ஏலுமோ?"

"ஏலாதுதான்," என்றேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

"என்ர பிள்ளை மழையில நிண்டது, அண்ணை. வீட்ட வந்து ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அந்த ஆள் கதிரையில இருந்து பாத்துக்கொண்டு இருந்தவர். நாலு வரியத்தில ஒரு 'ஸொரி' எண்டு சொன்னவரோ?"

கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அப்போதே எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் முன்னால் என்றுதான் தங்கை சொன்னார்.

"இருபத்தாறாம் நாள் செயற்குழுக் கூட்டம். என்னைப் பேச விடுங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் நான் வாய் திறக்கமாட்டன்," என்றேன்.

"எந்த இருபத்தாறாம் நாள்?"

"வாற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். மன்னிக்கவேணும், இப்ப எல்லாம் அப்பிடித்தான் எண்ணிறன்."

இடையில் தங்கை சும்மா இருக்கவில்லை. இருபதாம் நாள் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய செய்தி வந்தது: அண்ணனின் முப்பத்தொன்று ஞாயிறு காலை பத்து மணிக்கு. செயற்குழு சம்மதித்தால் மண்டபத்துக்குள். இல்லாவிட்டால் வாசல் தாழ்வாரத்தில், அவர் இருந்த அதே கதிரையில் படம் வைத்து. சமையல் வீட்டிலிருந்து வரும். வர விரும்பாதவர்கள் தலைவருக்கு நல்ல பிள்ளைகளாக வீட்டிலேயே இருக்கலாம். குழுவில் வழக்கமாகக் காலை வணக்கப் பூக்கள் மட்டுமே வரும். அன்றைக்கு ஒருவரும் பூ அனுப்பவில்லை. மாலைக்குள் வெள்ளிக்கிழமை முதியவர்களில் பதினொரு பேர், "வாறம்" என்று ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். அவர்களில் பலருக்குத் தட்டச்சு செய்யத் தெரியாது. பேரப்பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம். செயற்குழுவில் ஏழு பேர். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்தார். நான் எழுந்து பதினான்காம் பிரிவை வாசித்தேன். திங்களையும் திங்களையும் சொன்னேன். ஒருவர் விரலில் எண்ணத் தொடங்கினார்.

பொருளாளர் தமிழ்நாட்டுக்காரர், பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர். "நாங்களும் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேத்துதான் எண்ணுவோம், ஐயா," என்றார். "ஆனா ஆபீஸ்ல நோட்டீஸ் பீரியட அப்படி எண்ணினா எச்.ஆர். சும்மா விட மாட்டாங்க. இது பதினாலு தான்."

தலைவர் என்னையே பார்த்தார். "அண்ணை, அப்ப காலங்கடந்தது எண்டு எழுதினது நீங்கள்தானே?"

"நான்தான்."

"பிழையா எண்ணிப்போட்டியளோ?"

தப்பிக்க வாசல் திறந்துதான் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு வயதானவர், நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் கூடிப்போயிற்று. எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். அதே மண்டபத்தில் எவரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

"இல்லை. சரியா எப்பிடி எண்ணிறது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் அப்பிடி எழுதினனான். அவர் என்னைச் சொல்லிச் சபை சிரிச்சது. அதுதான்."

குசினியில் குழாய் சொட்டுவது கேட்டது. நான் கடிதத்தை எடுத்து வாசித்தேன்.

"செயற்குழுவுக்கு. பூட்டை மாத்தினது நான்தான். அதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன். கிழடுகளுக்கு ஒரு நாள்தான் கார் வரும். அதைக் கூட்டத்தில ரெண்டு தரம் சொன்னன். நீக்கிறதெண்டால் நீக்குங்கோ. ஆனா ஒண்டு. தலைவரின்ர பிள்ளை மழையில நனைஞ்சது. அது பிழை. என்ர குடையைக் குடுத்தனான், வாங்கேல்லை. நிமிந்து நிண்டது. தகப்பன்ர பிள்ளை. பிள்ளையிட்ட நான் நேரில மன்னிப்புக் கேக்கவேணும், கடிதத்தில கேக்க எனக்குத் தெரியாது. எப்ப வரலாம் எண்டு ஆரும் சொல்லி அனுப்பினால் வருவன். குசினிக் குழாய் கெதியில ஒழுகத் தொடங்கும். வாஷரை மாத்திப் பிரயோசனம் இல்லை, உள்ளுக்கு வாஷர் இருக்கிற இடம் தேஞ்சுபோச்சு, அதைத்தான் அரைச்சு மட்டமாக்க வேணும். பிளம்பருக்கு அப்பிடிச் சொல்லுங்கோ. செக்ரட்டரி ஐயா இந்தக் கடிதத்தில என்ன பிழை கண்டுபிடிப்பார் எண்டு பாக்க ஆசை."

கடைசி வரியை வாசிக்கும்போது என் குரல் சரியாகத்தான் இருந்தது. அதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

தலைவர் எழுந்து குசினிக்குள் போனார். குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வரவில்லை. முதலில் சொன்ன போர்க் காவியத்தின் முடிவில் ஓர் இடம் உண்டு. தன் மகனைக் கொன்ற அதே வீரனின் கூடாரத்துக்கே எதிரிப் பக்கத்துக் கிழட்டு அரசன் போய், உடலைத் தா என்று கேட்பான். இருவரும் தங்கள் தங்கள் செத்தவர்களுக்காக ஒரே இடத்தில் இருந்து அழுவார்கள். உயர்தர வகுப்பில் அதற்கு நான் ஐந்து காரணம் எழுதிப் புள்ளி வாங்கினேன். ஒரு மனிதன் ஒழுகும் குழாயின் முன் தனியாக நிற்பதை வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஐந்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வந்த தலைவர் ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்தார். "மகளோட கதைக்கவேணும். எழுத்தில பதில் அனுப்புவம்," என்றார். கூட்டம் கலைந்தது.

புதன் பதில் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தங்கை கதிரையைக் கழுவி வெயிலில் காயவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. வாசல் கதிரையில் வெள்ளிக்கிழமை முதியவர்களில் மூத்தவர் உட்கார்ந்து வருபவர்களை வரவேற்றார். நீக்க முடிவு ரத்து செய்யப்பட்டதால், அவர் இறந்த நாளில் மன்றத்தின் உறுப்பினர். நான் முன்னாள் செயலாளர் என்பதால் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கும்படி தங்கை என்னையே கேட்டார். குறிப்பில் பூட்டையும் சேர்த்தேன். மறுபடி மண்டபம் சிரித்தது. இந்தத் தடவை நான் எதையும் கோப்பிடவில்லை. தலைவரின் மகள், இப்போது பத்தாம் வகுப்பில் படிப்பவள், பந்தியில் சோறு பரிமாறினாள். குழாய் ஒழுகவில்லை; சனிக்கிழமை காலை தலைவர் தானே ஒரு கருவியை வாடகைக்கு எடுத்து வந்து, கடிதத்தில் சொன்ன இடத்தை அரைத்திருந்தார். கொஞ்சம் கோணலாக. ஃபிட்டர் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

"என்னண்ணை," என்றார் தங்கை, கை கழுவும் இடத்தில், "கடிதத்தில பிழை ஏதும் கண்டுபிடிச்சியளோ?"

"உறுப்பினர் இலக்கம் போடேல்லை," என்றேன்.

செயற்குழுவின் பதிலைத் தங்கை என்னிடமே தந்துவிட்டார்; அது இப்போது என் கராஜில் அதே கோப்பில், பிரித்த உறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலைவர் கையால் எழுதித் தங்கையின் வீட்டுக் கதவில் தானே கொண்டுவந்து கொடுத்தது. மூன்று வரி. முதல் வரி, "எங்கள் உறுப்பினரின் முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நடைபெறும்" என்று தொடங்குகிறது. மேல் மூலையில், பழக்கம் விடாமல், அது கிடைத்த நாளை எழுதினேன். அவர் இறந்ததிலிருந்து, அறிவித்தல்களை எண்ணும் கணக்கில் இருபத்தொன்பதாம் நாள். எங்கள் கணக்கில், சனிக்கிழமை, முப்பதாம் நாள்.